தீர்த்தத் தொட்டியில் தேனீக்கள்

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்த கிராணி நான். லீவு எடுத்துவிட்டு வருகிறவர்கள் நீட்டும் எம்.சி. என்ற மருத்துவச் சீட்டை வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பிடித்தாலே போதும். எது டாக்டர் கையெழுத்து, எது மச்சான் கையெழுத்து என்று சொல்லிவிடுவேன். 'சவுந்தரம் அக்கா கண்ணுல மண்ணத் தூவ முடியாது' என்பார்கள். ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணை அப்படியே கோயிலுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் மாதா கோயில், தைப்பூசக் கூட்டம் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. பீடத்துத் துணி, பூ, மெழுகுவர்த்தி, வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டி எல்லாம் என் பொறுப்பு. தொட்டி சலவைக்கல்லில் செய்தது. உள்ளே வருகிறவர்கள் அதில் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள். சனிக்கிழமைதோறும் நான் கழுவி நிரப்புவேன், ஃபாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போவார்.

ஜனவரியில் டெங்கி சோதனைக்கு ஆள் வந்தார்கள். இஸ்ஸதி என்று ஒரு சின்னப் பெண். மாதா சிலையை வைத்திருக்கும் குகை மாதிரியான கெபியில் இருந்த பூச்சாடியில் கொசுப்புழு நெளிவதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை எழுதினாள். போகிற போக்கில் தீர்த்தத் தொட்டிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. தீர்த்தத்தில் புழு என்று ஊரில் பேச்சு வந்தால் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குள் நுழைவேன்? அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஃபாதர் போன பிறகு ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்துத் தொட்டியில் போட்டுவிடுவேன். உப்புத் தண்ணீரில் கொசு முட்டை இடாது. அந்தக் காலத்தில் சாமியார்களே தீர்த்தத்தில் ஒரு சிட்டிகை மந்திரித்த உப்புப் போடுவார்கள். சிட்டிகை கைப்பிடியானால் என்ன குறைந்துவிடப் போகிறது? இதையெல்லாம் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் தேனீக்கள் வந்தன.

முதலில் கெபியைச் சுற்றித்தான் பறந்தன. மாதா சிலைக்குப் பின்னால் செயற்கைப் பாறையில் ஒரு பொந்து இருக்கிறது, அதற்குள் கூடு கட்டிவிட்டன. தைப்பூசத்துக்குச் சாலையெல்லாம் தேங்காயும் பூவுமாகக் கிடந்ததே, அதற்கு வந்த கூட்டம் இங்கேயே தங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். கெபியில் இருந்தவரைக்கும் பரவாயில்லை. பிப்ரவரி முடிவதற்குள் தீர்த்தத் தொட்டிக்கு வந்துவிட்டன. விளிம்பில் இருபது, முப்பது என்று வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும். விரலை வைக்க இடம் கிடையாது.

தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு நிக்கோல் கையை வைத்துவிட்டாள். நிக்கோல் பங்குப் பேரவைத் தலைவர் ஜெரமியின் மனைவி. மோதிர விரலில் கொட்டு. விரல் வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்து, கிளினிக்கில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். ஜெரமி பத்து காவான் தொழிற்பேட்டையில் எஞ்சினியர். எதையும் அளந்து பேசுகிற மனிதன் அன்று வாசலில் நின்று கத்தினான்.

"பெஞ்சமின்! ஒன்ன எதுக்குலா வெச்சிருக்கோம்? நாளைக்கே மருந்தடிக்க ஆளக் கூப்பிடு!"

பெஞ்சமின் கோயில் ஜாகா, காவல்காரன். ஐம்பது வயதிருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிபோங் திபாலிலிருந்து தினமும் தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவன், வேலை போனதும் ஃபாதரைப் பிடித்து இங்கே வந்து சேர்ந்தான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையிலேயே தங்கிவிட்டான். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்த அறைதான் அவனுக்கு வீடு. வந்து எட்டு மாதம் ஆகியும் ஒருவரிடமும் சத்தமாகப் பேசியதில்லை. சத்தம் போடாத ஆளென்றால் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடத்தான் வரும்.

"ரெண்டு வாரம் டைம் குடுங்க தலைவரே. எனக்குத் தெரிஞ்ச கமாலுதீன் அண்ணன் தேனீப் பெட்டி செஞ்சிட்டிருக்காரு. கூட்டோட எடுத்து அதுல வெச்சு அந்தப் பக்கம் கொண்டு போயிடுவேன். மருந்தடிச்சா ஒண்ணு மிஞ்சாது" என்றான்.

"பூச்சிக்கெல்லாமா டைம் குடுப்பாங்க?" என்று ஜெரமி பல்லைக் கடித்தான். ஃபாதர் நடுவில் புகுந்து, குருத்து ஞாயிறு வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் இன்னும் ஒருவருக்குக் கொட்டினால் மருந்துதான் என்று முடித்துவைத்தார்.

அன்றைக்கே எனக்குள் புகைய ஆரம்பித்தது. ஒரு ஜாகாவுக்குப் பூச்சி மேல் என்ன இவ்வளவு அக்கறை?

மறுநாள் காலையில் பூ வைக்கப் போனபோது அவன் கெபியின் முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். செபமாலை சொல்கிறான் என்று நினைத்துக் கிட்டே போனால், பேச்சு மாதாவிடம் இல்லை, பொந்தைப் பார்த்து.

"பூச்சிகிட்ட என்னப்பா பேச்சு?"

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "சும்மாக்கா. வருஷத்துல ஒரு நாள் நாமளே இதுங்களப் பாடுறோம்ல? ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, பெரிய சனிக்கிழமையன்னிக்கு, பாஸ்கா மெழுகுதிரிய ஏத்தி வெச்சுப் புகழுரை பாடுறப்ப, இந்தத் திரி தேனீங்க உழைச்சுக் குடுத்ததுன்னு வருதே. ராஜா பேரு வரல, பணக்காரன் பேரு வரல. இந்தப் பூச்சிக்கு மட்டும் அந்த மரியாதை. அத யோசிச்சா எனக்குப் புல்லரிக்கும்க்கா."

"அதெல்லாம் சரி, கடிக்குதே!"

"கடிக்கிறது பயந்துபோய். கொட்டின பூச்சி செத்துப்போகும், தெரியுமா? கூட்டுக்காக உசிர விடுது. நம்மகிட்ட அப்படி எத்தன பேரு இருக்கோம்? அங்க பாருங்க, அந்தப் புளிச்சக்காய் மரத்த."

பார்த்தேன். புளிச்சக்காய் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பிளிம்பிங் மரம் எப்போதும் பத்துக் காய்க்கு மேல் தராது. இந்த வருடம் அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நானே இரண்டு தடவை மீன் குழம்புக்குப் பறித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

"ஆனா ஒண்ணுதான்க்கா புரியல" என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "இந்த வெயில்ல அதுங்க உப்புக்கு அலையுது. வேல செஞ்சா என் கழுத்து வேர்வையிலகூட வந்து ஒக்காருது. ஆனா இத்தன சாக்கடை, வாய்க்கா இருக்கப்ப, எதுக்கு நல்ல தண்ணி இருக்கிற தொட்டிக்குப் போகுதுன்னுதான் தெரியல."

நன்றாகத்தான் பேசுகிறான் என்று நினைத்தேன். நன்றாகப் பேசுகிறவனைத்தான் நம்பக் கூடாது.

அந்த வாரமே எனக்குச் சாட்சி கிடைத்தது. குப்பைத் தொட்டியில் இரண்டு காலி சீனிப் பாக்கெட். கோயிலில் அவனைத் தவிர வேறு யாரும் சமைப்பதில்லை. பெஞ்சமினோ சக்கரை வியாதிக்காரன். பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கும்போது அவன் மட்டும் 'கோசோங், கோசோங்' என்று சீனி போடாததைத் தேடிப் போவான். சீனியே தொடாதவனுக்கு இரண்டு கிலோ சீனி எதற்கு? என்னிடமா இந்த விளையாட்டு!

மறுநாள் ஆறு மணிக்கே போய்ப் பாடகர் மாடியில் ஏறி, ஜன்னல் ஓரமாக நின்றேன். முட்டி வலி உயிரை எடுத்தது. ஆறரைக்கு அவன் அறையிலிருந்து வந்தான். கையில் ஒரு வெள்ளைத் தட்டு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கெபிக்குப் பின்னால் போனான், வெறுங்கையோடு திரும்பினான். பிறகு வாசல் பக்கம் வந்து தீர்த்தத் தொட்டிமேல் குனிந்து என்னவோ செய்தான். மேலேயிருந்து அவன் முதுகுதான் தெரிந்தது. அவன் போனதும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கெபிக்குப் பின்னால் அவன் வைத்த தட்டில் கெட்டியான சீனிப் பாகு.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. சீனித் தண்ணீர் வைத்துத் தேனீயைப் பழக்குகிறான். தொட்டியிலும் அதைத்தான் கலக்கிறான். பெட்டி வந்ததும் கூட்டோடு தூக்கிக்கொண்டு போய்த் தேன் விற்கப் போகிறான். அவன் அறை ஜன்னலில் இரண்டு போத்தல் தேன் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கோயில் பூச்சி, கோயில் பொந்து, மாதாவுக்கு வைத்த பூவின் தேன்!  அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்வார்கள். நான்தான் தீர விசாரித்துவிட்டேனே! விசாரிக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள், பெஞ்சமின். அவனிடம் கேட்கத் தோன்றவில்லை.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைச் செபத்துக்கு வந்த ஒரு கிழவருக்குக் காதில் கொட்டியது. ஜெரமி உடனே மருந்தடிக்கிற வாசுவுக்குப் போன் போட்டான். ஞாயிறு பூசை முடிந்ததும் வரச் சொன்னான். அப்போதுதான் நான் என் கதையை ஜெரமியிடம் சொன்னேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. "நெசமாவாக்கா? அவன் வேணும்னே செஞ்சிருந்தா, அன்னிக்கே சாவிய வாங்கிட்டு அனுப்பிடுவேன். ரூமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. என் பொண்டாட்டி மோதிரத்த வெட்டி எடுத்தாங்கக்கா!"

"நான் எப்போப்பா பொய் சொல்லியிருக்கேன்?" என்றேன்.

ஞாயிறு. குருத்தோலைகளோடு ஜனங்கள் கலைந்த பிறகு, வாசலில் ஐந்து பேர் நின்றோம். ஃபாதர், ஜெரமி, நான், பெஞ்சமின், கொஞ்சம் தள்ளி முதுகில் மருந்துப் பம்ப்போடு வாசு. வாசுவுக்குக் கெபியைப் பார்த்ததிலிருந்தே கால் ஓடவில்லை. "மாதா சிலைக்கிட்டயா அடிக்கணும்? நான் தண்ணீர்மலையானக் கும்புடுற ஆளு தலைவரே. எனக்கே மனசு வரமாட்டேங்குது" என்று முனகிக்கொண்டிருந்தான்.

நான் சீனிப் பாக்கெட், தட்டு, தேன் போத்தல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் திருட்டு எம்.சி.யைப் பிடித்த நாட்களில் வருமே, அந்தத் தெம்பு வந்தது.

பெஞ்சமின் திகைத்துப்போய் நின்றான். "சீனித் தட்டு வெச்சது நெசம்தான் ஃபாதர். இதுங்க தொட்டிக்கு வராம அங்கயே நிக்கட்டும்னு வெச்சேன். ஒண்ணுகூட அதத் தொடல. தொட்டியில நான் எதுவும் கலக்கல. தண்ணியில விழுந்து தத்தளிக்கிற பூச்சிய இலையால எடுத்து விடுவேன், அவ்வளவுதான். அந்தத் தேன் அந்தப் பக்கத்துல நான் வளத்த பெட்டியோடது. ஒரு போத்தல் ஒங்களுக்கே குடுத்தேனே."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "சீனியா இல்லையான்னு தண்ணியே சொல்லும். தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

ஜெரமி கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். நூறு பேர் விரல் விட்ட தண்ணீர். ஃபாதர் என்னைப் பார்த்தார். "நீங்களே பாருங்க சவுந்தரம். ஒங்க வார்த்தைய எல்லாரும் ஏத்துக்குவோம்."

தேனீக்கள் விளிம்பில் உட்கார்ந்திருந்தன. ஒதுக்கிவிட்டு விரலை நனைத்தேன். நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கரித்தது. இனிப்பின் வாடைகூட இல்லை. என் கைப்பிடி. சனிக்கிழமை சனிக்கிழமையாக நானே போட்ட என் கல்லுப்பு. உப்புக்கு அலையுது என்று பெஞ்சமின் அன்றைக்குச் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ஊரிலிருந்த தேனீயையெல்லாம் வாசலுக்கு அழைத்தவள் நான். நிக்கோல் விரலும் கிழவர் காதும் என் கைங்கரியம்.

"என்னக்கா? இனிக்குதா?" என்றான் ஜெரமி.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாதாம்.  முப்பது வருடப் பேர் கண் முன்னால் வந்து நின்றது.

"இனிக்குது" என்றேன்.

சொன்னது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் வாயில் அறையத் தோன்றுகிறது.

ஜெரமி கையை நீட்டினான். "சாவி."

பெஞ்சமின் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு மெதுவாகத் தொட்டிக்கு வந்து, ஒரு விரலை நனைத்துத் தன் நாக்கில் வைத்தான். அவன் கண் விரிந்தது. தெரிந்துகொண்டான். தொட்டியை நிரப்புகிறவள் யார் என்பது கோயிலுக்கே தெரியும். இப்போது கத்துவான், கிழவி பொய் சொல்கிறாள் என்பான், எல்லோரையும் இழுத்துவந்து தொட்டுப் பார்க்கச் சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன்.

அவனோ இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை அவிழ்த்து ஜெரமி கையில் வைத்தான். ஃபாதரைப் பார்த்து, "நான் போறேன் ஃபாதர். பூச்சிய மட்டும் கொல்லாதீங்க. பெரிய சனிக்கு ஆறே நாளு. அதுங்க பேரச் சொல்லிப் பாடப்போற கோயில்ல, வாசல்லயே கொன்னுட்டுப் பாடவேணாம்" என்றான்.

குரல் அங்கேதான் உடைந்தது. தன் வேலைக்கு உடையாத குரல்.

"வாசு, அடிங்க" என்றான் ஜெரமி. வாசு பெருமூச்சு விட்டுக்கொண்டு கெபியை நோக்கி நடந்தான். பம்ப்பை இரண்டு தடவை அழுத்தும் சத்தம் கேட்டது. பெஞ்சமின் அந்தப் பக்கம் பார்க்காமல் தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் சட்டைக் காலரில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது.

"நிறுத்துப்பா!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. "வாசு, அடிக்காத! உப்பு ஃபாதர்! சீனி இல்ல, உப்பு! நான் போட்டது! கொசுப்புழுவுக்குப் பயந்து வாராவாரம் நான்தான் கைப்பிடி உப்புப் போட்டேன். அந்த உப்புக்குத்தான் பூச்சி வருது. இவன் ஒண்ணும் பண்ணல. நான் பொய் சொன்னேன்."

ஜெரமி தேனீக்களை ஒதுக்கினான். பிறகு தொட்டியில் விரல் வைத்து, நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தான். "அலாமா, அக்கா!" என்றான். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாவிக் கொத்தை ஜெரமியே ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தான். வாசு பம்ப்பை இறக்கி வைத்துவிட்டு, மாதாவைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். அன்று சாயங்காலமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஃபாதரிடம் என் பாவத்தைச் சொன்னேன். ஃபாதர் கொடுத்த அபராதம் ஒன்றுதான். பெட்டி வரும்வரை தினமும் காலையில் கெபிக்குப் பின்னால் ஒரு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, தேனீக்கள் நின்று குடிக்கக் கூழாங்கல் அடுக்கிவைக்க வேண்டும். வாசலில் தொட்டியைக் கழுவி வெறும் தண்ணீர் நிரப்பினேன். இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் எல்லாம் சட்டிக்குப் போய்விட்டன.

பெரிய சனி மத்தியானம் நான் சட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஃபாதர் மைக்கில் புகழுரையைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார். தேனீக்களின் உழைப்பு என்று வருகிற இடத்தில் சுருதி பிசகி, திரும்ப முதலிலிருந்து எடுத்தார். சட்டி ஓரத்தில் குடித்துக்கொண்டிருந்த ஒன்றுகூட அசையவில்லை. அத்தனை வருடம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், அந்த வரியில் இத்தனை சின்னக் கால்கள் நிற்கும் என்று நினைத்ததே இல்லை.

பெஞ்சமின் ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். ஆறு நாளாகக் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்றிருந்தது. கேட்டுவிட்டேன்.

"பெஞ்சமின், அன்னிக்கு நீயும் நாக்குல வெச்சுப் பாத்தியே. உப்புன்னு தெரிஞ்சிச்சில்ல? ஏன்ப்பா வாயத் தொறக்கல?"

அவன் ஏணியைச் சுவரில் சாய்த்தான். "நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்க்கா."

"சொல்லாம விட்டிருந்தா? ஒன் வேல, ரூமு எல்லாம் போயிருக்குமே!"

அவன் யோசித்தான். நான் கேட்டது அவனுக்கு உண்மையிலேயே புதிதாக இருந்தது போலிருக்கிறது.

"அப்படி நெனைக்கவே தோணலக்கா" என்றான். "ஒங்களப் போய் எப்படிச் சந்தேகப்படுறது?"

ஏணியைத் தூக்கிக்கொண்டு அவன் உள்ளே போய்விட்டான். நான் சட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.